முதுகுத் தகடும் காற்றுச் சிறகும்

நீருக்குள் இறங்குவது கடினமா? இறங்கியவன் மேலே ஏறி வருவது கடினமா? பௌதிக ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தொடங்குமுன் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பது என் வழக்கம். சிலர் முன்னதைச் சொல்வார்கள். பலர் பின்னதைச் சொல்வார்கள். ஓராண்டு, கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, நடுவிலே ஏறாமல் இறங்காமல் நிற்பதுதான் கடினம்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னதே சரியான விடை.

அந்தப் பையன் இன்று ஒரு பொறியாளர். அமெரிக்காவில் ஃபிளாரிடா மாநிலத்தில் பணிபுரிகிறார். ஓய்வு நாட்களில், சுவாசக் கருவியைச் சுமந்துகொண்டு நீருக்கடியில் உலவும் ஸ்கூபா நீச்சலைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், என்னைக் காண வரும்போது ஒரு பெரிய பையையும் தூக்கிக்கொண்டு வந்தார். திண்ணையில் அமர்ந்து, அதிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து என் முன் வைத்தார். வளைத்த உலோகத் தகடு ஒன்று. நீண்ட நைலான் நாடா ஒன்று. மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாய் போன்ற காற்றுப்பை ஒன்று. "ஐயா, என் உயிரை இந்த மூன்றிடமும் ஒப்படைத்துவிட்டுத்தான் நீருக்குள் இறங்குகிறேன்" என்றார். இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது, அன்று அந்தத் திண்ணையில் நான் கற்ற பாடம்.

முதலில் சிறிது வரலாறு. 1943ஆம் ஆண்டில், ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் கன்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு சுவாசக் கருவியை உருவாக்கினார்கள். அழுத்தி அடைத்த காற்றைச் சிலிண்டரிலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்றவாறு, வாய்க்குத் தரும் கருவி அது. சுவாசிக்கும் பிரச்சினை அதனால் தீர்ந்தது. ஆனால் வேறு இரண்டு பிரச்சினைகள் மிஞ்சின. கனமான சிலிண்டரை முதுகில் எப்படிக் கட்டிக்கொள்வது? நீரின் நடுவே விரும்பிய ஆழத்தில் எப்படி நிற்பது?

தொடக்க காலத்தில், சிலிண்டரில் சில வார்களைப் பூட்டி முதுகில் மாட்டிக்கொண்டார்கள். மிதப்பை மாற்றும் கருவி எதுவும் இல்லை. இடுப்பில் ஈயக் கட்டிகளை அளவாகக் கட்டிக்கொண்டு, மூச்சாலும் கால்வலியாலும் சமாளித்தார்கள். 1961இல் பிரான்சு நாட்டு மோரிஸ் ஃபென்சி, கழுத்தைச் சுற்றி அணியும் காற்றுப்பை ஒன்றுக்கு உரிமம் பெற்றார். பின்னர், காற்று அடையும் அறைகளைக் கொண்ட ஜாக்கெட்டுகள் வந்தன. நீச்சல் பயிற்சிக்குச் செல்வோருக்கு இன்று பெரும்பாலும் முதலில் கிடைப்பது அத்தகைய ஜாக்கெட்டே. சிலிண்டரைத் தாங்குவதும், உடலைப் பிடிப்பதும், மிதப்பைத் தருவதும், பொருள்களை வைக்கப் பைகள் தருவதும் ஆகிய எல்லா வேலைகளையும் அந்த ஒரே சட்டை செய்கிறது.

என் மாணவர் காட்டிய முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொருள். தாங்குவது தகடு, பிடிப்பது நாடா, மிதக்க வைப்பது பை. ஆங்கிலத்தில் இவற்றைப் பேக்பிளேட், ஹார்னஸ், விங் என்று வழங்குகிறார்கள். நாம் முதுகுத் தகடு, வார்க்கட்டு, காற்றுச் சிறகு என்று சொல்லிக்கொள்வோம்.

தகட்டை முதலில் பார்ப்போம். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகினாலோ அலுமினியத்தினாலோ செய்தது. நீளவாக்கில் வளைக்கப்பட்டு நடுவில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துளைகள். அவற்றின் இடைவெளி 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். எந்த நாட்டில் எவர் செய்தாலும் பெரும்பாலும் இந்த இடைவெளி மாறுவதில்லை. ஆகையால் ஒருவர் செய்த தகட்டில் மற்றொருவர் செய்த சிறகைப் பூட்டலாம். இரட்டைச் சிலிண்டர்களை இந்தத் துளைகளின் வழியே திருகாணியால் முடுக்குவார்கள். ஒற்றைச் சிலிண்டரை இரண்டு பட்டைகளால் இறுகக் கட்டுவார்கள்.

வார்க்கட்டு என்பது 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நாடா. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, தகட்டின் கீழ்ப் பிளவின் வழியே நுழைந்து, தோளின்மேல் ஏறி, தகட்டின் மேற்பிளவுகளைக் கடந்து, மறுதோளின்மேல் இறங்கி, மறுபக்க இடுப்பில் முடிகிறது. இடையில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. இடுப்பில் மட்டும் ஒரே ஒரு பக்கிள். தகட்டின் அடியிலிருந்து மற்றொரு நாடா கால்களுக்கு இடையே வந்து, முன்புறம் ஒரு கண்ணியாக முடிகிறது. இடுப்பு வார் அந்தக் கண்ணிக்குள் நுழைந்து பூட்டப்படும். இதைக் கவட்டு வார் என்போம். தலைகீழாக நின்றாலும் சிலிண்டர் தலைப்பக்கம் வழுக்காமல் காப்பது இதுதான். மார்பில் இரண்டும் இடது இடுப்பில் ஒன்றுமாக டி எழுத்து வடிவ வளையங்கள் இருக்கின்றன. விளக்கு, அளவுமானி முதலியவற்றை அவற்றில் மாட்டுவார்கள்.

சிறகு என்பது தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே அமரும் பை. இடது தோளின்மேல் ஒரு குழாய் வருகிறது. அதன் முனையில் உள்ள பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று பைக்குள் செல்லும். மற்றொன்றை அழுத்தினால் வெளியேறும். பையின் பின்புறத்தில் கீழே மற்றொரு வெளியேற்று வால்வும் உண்டு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவேதான், ஐயா. இதில் இல்லாதவைதான் இதன் சிறப்பு" என்றார். பிறகு, இந்த முறை பிறந்த கதையைச் சொன்னார்.

ஃபிளாரிடாவின் வடபகுதி சுண்ணாம்புக்கல் பூமி. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்து, நிலத்துக்கு அடியில் நீண்ட சுரங்கங்களை உண்டாக்கியிருக்கிறது. ஜின்னி ஸ்பிரிங்ஸ், பீக்காக் ஸ்பிரிங்ஸ் போன்ற இடங்களில் அந்த நீர் ஊற்றாக வெளிப்படுகிறது. பளிங்கு போன்ற நீர். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி வெப்பம். அந்த ஊற்றுக்கண்ணின் வழியே குகைக்குள் நீந்திச் செல்வோர் ஒரு கூட்டத்தார் உண்டு. அங்கே தலைக்குமேல் பாறை. அபாயம் நேர்ந்தால் நேரே மேலே எழ முடியாது. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். தரையிலோ மாவு போன்ற வண்டல். காலால் ஒருமுறை கலக்கினால், பளிங்கு நீர் நொடியில் சேறாகிவிடும். கை முன்னே நீட்டினால் விரல் தெரியாது.

அந்தக் குகைகளில் பலர் மாண்டார்கள். அவர்கள் ஏன் மாண்டார்கள் என்பதை ஆராய்ந்து, 1979இல் ஒரு சிறு நூல் எழுதியவர் ஷெக் எக்ஸ்லி. அவர் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் என்பதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது. மாணவனின் தப்புக் கணக்கில் எந்த வரியில் தவறு புகுந்தது என்று தேடுவதுபோல், ஒவ்வொரு விபத்திலும் எந்தக் கட்டத்தில் தவறு புகுந்தது என்று தேடினார். வெளி வாயில் வரையில் அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும். உள்ளே செல்ல மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குமேல் செலவிடலாகாது என்பன போன்ற விதிகளை அந்த ஆராய்ச்சி வலியுறுத்தியது. அவரும் 1994இல் மெக்சிகோவில், மிக ஆழமான நீர்க்குழி ஒன்றில் இறங்கும் முயற்சியில் உயிரிழந்தார். நீர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

அதே வட்டாரக் குகை நீச்சல்காரர்கள்தாம் முதுகுத் தகட்டு முறையையும் பண்படுத்தினார்கள். வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவர், வேண்டாத ஒவ்வொன்றையும் நீக்கிக்கொண்டே வந்தார். அவருடைய நடுப்பெயரைக் கொண்டு இந்த எளிய முறைக்கு ஹோகார்த்தியன் என்றே பெயர் வழங்குகிறது. பிளாஸ்டிக் கொக்கி உடையக்கூடும். ஆகவே தோளில் கொக்கி வேண்டாம். தொங்கும் பொருள் கயிற்றில் சிக்கும்; ஆகவே எதுவும் தொங்க வேண்டாம். கால் தாழ்ந்தால் வண்டல் கலங்கும். ஆகவே உடல் தரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் காரியத்தைத் தகடு எவ்வாறு செய்கிறது என்று பாருங்கள். நம் உடலில் மிகுதியாக மிதக்க விரும்பும் இடம் காற்று நிறைந்த மார்பு. கால்களோ தாழ விரும்புகின்றன. இடுப்பில் ஈயத்தைக் கட்டினால் கால்பக்கம் மேலும் தாழும். மனிதர் சாய்ந்த ஏணிபோல் நீந்துவார். எடையின் ஒரு பகுதியைத் தகடாக்கி, முதுகில் நுரையீரலுக்கு நேராக வைத்துவிட்டால், மேலே தூக்கும் விசையும் கீழே இழுக்கும் விசையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் எதிர்நிற்கின்றன. தராசு சமனாகிறது. நெம்புகோல் பாடத்தில் நீங்கள் படித்ததே இங்கும் வேலை செய்கிறது.

குகைக்காரர்களின் இந்தக் கருவியைக் கண்டு, திறந்த கடலில் பொழுதுபோக்காக மூழ்குவோரும் அதை மேற்கொண்டார்கள். நல்ல கருவியை யார் வேண்டுமானாலும் மேற்கொள்ளலாம். ஆனால் இந்த இடத்தில்தான் என் மாணவர் தம்முடைய பழைய பிழை ஒன்றைச் சொன்னார். அது புரிவதற்கு, நாம் முதலில் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீரில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி, அழுத்தம் நான்கு மடங்கானால் காற்றின் கன அளவு நான்கில் ஒன்றாகச் சுருங்கும். நீச்சல்காரர் குளிருக்காக அணியும் உடை, சிறுசிறு காற்றுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர். மேற்பரப்பில் அது அவரைத் தூக்குகிறது. ஆழத்தில் குமிழ்கள் நசுங்கிவிடுவதால் அந்தத் தூக்கல் போய்விடுகிறது. ஒருவருடைய உடை மேற்பரப்பில் 6 கிலோ தூக்குகிறது என்றும், 30 மீட்டரில் அதில் 4 கிலோ குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இது முதல் வரி.

இரண்டாவது வரி காற்றின் எடை. காற்றுக்கும் எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பரவலாக வழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில், முழுதும் நிரப்பினால் அடங்கும் காற்று சுமார் 2.6 கிலோ. நிறைந்த சிலிண்டர் நீரில் சற்றே மூழ்கும். காலியானால் 2 கிலோ அளவுக்கு மிதக்கும். ஆகவே நீச்சல்காரர் மேலே வரும் நேரத்தில், சிலிண்டரில் கொஞ்சமே காற்றிருக்கும் நிலையில், 5 மீட்டர் ஆழத்தில் அசையாது நிற்கும்படி ஈயத்தைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டவர், தொடக்கத்தில் ஏறக்குறைய 2 கிலோ கனமாக இருப்பார்.

இரண்டையும் கூட்டுங்கள். சரியாக எடை கட்டியவர்கூட, 30 மீட்டர் ஆழத்தை அடைந்தவுடன் 6 கிலோ கனமாக இருக்கிறார். அந்த 6 கிலோவை ஈடுசெய்வதே சிறகில் அடைக்கும் காற்று. அதற்குமேல் ஈயம் தேவையின்றி 4 கிலோ கட்டியிருந்தால் மொத்தம் 10 கிலோ. சிறகு நன்றாக இருக்கும்வரை இந்த வேறுபாடு ஒருவருக்கும் தெரியாது. இன்னும் சற்றுக் காற்று அடைத்தால் போதும். பிழை மறைந்து கிடக்கும்.

என் மாணவர் முன்பு ஜாக்கெட் அணிந்து பழகியவர். குகைக்காரர்களிடம் எஃகுத் தகட்டைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். அந்தத் தகடு தரையில் 2.7 கிலோ. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அது விலக்கும் நீரின் எடையைக் கழித்தால், நீருக்குள் சுமார் 2.3 கிலோ. அவ்வளவு ஈயத்தை இடுப்பிலிருந்து கழித்திருக்க வேண்டும். அவர் கழிக்கவில்லை. பழைய எண்ணிக்கையையே கட்டினார். மேலும், ஈயக் கச்சையை முதலில் கட்டிக்கொண்டு, அதன்மேல் வார்க்கட்டை அணிந்து, கவட்டு வாரை அதற்கும்மேல் பூட்டினார். குகைக்காரர்கள் அப்படி அணிவதை அவர் பார்த்திருந்தார்.

கடலில் 25 மீட்டர் ஆழத்தில், சிறகின் குழாய் இணைப்பு திடீரென்று கழன்றுகொண்டது. காற்றெல்லாம் குமிழிகளாக மேலே போயிற்று. அவர் தாழத் தொடங்கினார். துடுப்புக் காலணிகளால் வேகமாக உதைத்தார். ஓர் அடிகூட ஏறவில்லை. உதைக்க உதைக்க மூச்சு இரைத்தது. இரைக்க இரைக்கச் சிலிண்டரின் காற்று கரைந்தது. கடைசியில், பயிற்சியில் சொல்லித் தந்தபடி ஈயக் கச்சையின் பக்கிளை விடுவித்தார். கச்சை அவிழ்ந்தது, ஆனால் கீழே விழவில்லை. கவட்டு வாரில் சிக்கிக் கால்களுக்கிடையே தொங்கியது.

"அந்தக் கணத்தில் என்ன நினைத்தாய், தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றும் நினைக்கவில்லை, ஐயா. நினைக்க முடியாமற்போனதுதான் பெரிய பயம்" என்றார். உடன் வந்த தோழர் விரைந்து வந்து, அவருடைய தோள் வாரைப் பற்றிக்கொண்டு, தம் சிறகில் காற்றை அடைத்து, இருவருமாக மெல்ல மேலே வந்தார்கள். தோழர் பத்து மீட்டர் தள்ளி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையை எனக்குச் சொல்ல ஆள் இருந்திராது.

அவர் செய்த பிழை என்ன? தகடு கெட்டதா? இல்லை. வார் கெட்டதா? இல்லை. குகைக்காரர்கள் ஈயத்தை வாருக்கு அடியில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குகையில் ஈயம் தவறி விழுந்தால், நீச்சல்காரர் மேலே கிளம்பிக் கூரைப் பாறையில் ஒட்டிக்கொள்வார். திரும்பி வர முடியாது. அங்கே ஈயத்தை இழப்பதுதான் அபாயம். ஆகவே அது அவிழாதபடி கட்டுகிறார்கள். திறந்த கடலில் தலைக்குமேல் பாறை இல்லை, வானம் இருக்கிறது. இங்கே கழற்ற முடியாத ஈயம்தான் அபாயம். ஒரே வார், ஒரே கச்சை, எது மேல், எது கீழ் என்ற வரிசை மட்டும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். என் மாணவர் குகைக்காரர்களின் கருவியை மேற்கொண்டார். அவர்களுடைய காரணத்தைக் கேட்டறியவில்லை.

இந்த உண்மையை நம்முடைய முத்துக்குளிப்போர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர், கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு விரைந்து இறங்குவார். அடியைத் தொட்டவுடன் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்குவதற்கு எடை வேண்டும். ஏறும்போது அந்த எடை தன்னிடம் இருக்கலாகாது. பாயில் விதி படிக்காத அந்த மனிதர்கள், விடக்கூடிய எடையையே கையாண்டார்கள்.

அப்படியானால் ஈயம் முழுவதையும் ஒரே இழுப்பில் கழற்றிவிடும்படி வைத்துவிடலாமா? அதுவும் ஆபத்தே. ஆழத்தில் முழு எடையையும் விட்டவர் மேலே வர வர, உடையின் குமிழ்கள் விரியும்; வேகம் கூடிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்குமேல் ஏறலாகாது என்பது பொதுவான விதி. விரைந்து ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி நோய் தரும். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரலே கிழியக்கூடும். ஆகவே எடையைப் பிரித்து வைப்பது அறிவுடைமை. ஒரு பகுதி தகடாக முதுகில் நிலையாக இருக்கட்டும். மற்றொரு பகுதி, கழற்றினால் தடையின்றி விழும்படி இருக்கட்டும். கழற்ற வேண்டியது எவ்வளவு? காற்றுப்பை இல்லாமலே காலால் உதைத்து மேலே ஏறக்கூடிய அளவுக்குத் தம்மைக் கொண்டுவரும் எடை எதுவோ அவ்வளவு. மேற்பரப்பை அடைந்தபின் இடர் நேர்ந்தால் தயங்காமல் மீதியையும் விட்டுவிடலாம். மேலே வந்து சேர்ந்தும் ஈயத்தைக் கழற்றாமல் மூழ்கிப்போனவர்கள் உண்டு. சில கட்டி ஈயத்தின் விலை உயிரின் விலை ஆகாது.

இனி, இந்த அமைப்பை ஏற்பாடு செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். என் மாணவர் சொன்னதையே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, தகட்டைத் தேர்ந்தெடுப்பது. குளிர்ந்த நீரில் தடித்த உடை அணிவோருக்கு எப்படியும் எடை தேவை. அவருக்கு எஃகுத் தகடு பொருந்தும். வெப்பக் கடலில் மெல்லிய உடை அணிவோர், எஃகுச் சிலிண்டரோடு எஃகுத் தகடும் பூண்டால், ஒரு கட்டி ஈயம்கூட இல்லாமலே அளவுக்குமேல் கனமாகிவிடக்கூடும். அப்போது விடுவதற்கு அவரிடம் எதுவுமே இராது. அவருக்கு 0.9 கிலோ அளவுள்ள அலுமினியத் தகடு நல்லது. நீருக்குள் அது 0.6 கிலோகூட இராது.

இரண்டாவது, சிறகின் அளவு. ஒற்றைச் சிலிண்டருக்கு 13 முதல் 18 கிலோ வரை தூக்கும் சிறகுகள் வழக்கத்தில் உள்ளன. நாம் போட்ட கணக்கின்படி ஆழத்தில் உடை இழக்கும் மிதப்பையும், காற்றின் எடையையும் ஈடுசெய்ய வேண்டும். அன்றியும், கழற்றி நீரில் விட்டால் கருவி முழுவதையும் தானே மிதக்க வைக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் போதுமானால் அதுவே சரியான அளவு. அதைவிடப் பெரிய பை நீரில் மடிந்து அலையும். மடிப்பில் காற்று அகப்பட்டு, வெளியேற்ற நினைக்கும்போது வெளியேறாது.

மூன்றாவது, வாரைச் சரிசெய்வது. நீருக்குள் அணியும் உடையை அணிந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். வீட்டு உடையோடு அளந்த வார், ரப்பர் உடையின்மேல் இறுகிவிடும். ஒற்றை நாடாவில் தோள்கொக்கி இல்லையாதலால், கை நுழைந்து வெளிவரும் அளவுக்குத் தளர்வு வேண்டும். பலர் செய்யும் தவறு, பையைச் சுமக்கும் மூட்டைக்காரர்போல் தோளை இறுக்குவது. நீரில் சுமை தோளில் இல்லை. இடுப்பு வாரும் கவட்டு வாருமே தகட்டைப் பிடித்திருக்கின்றன. கையைப் பின்னே கொண்டுசென்று சிலிண்டரின் வால்வைத் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை நீரில் இறங்கிப் பார்த்துத் திருத்தியபின்தான் வார் உடலுக்குப் பொருந்தும். வாரை அறுக்கும்படியான சிறு கத்தி ஒன்று, இரு கைகளுக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நான்காவது, எடையைச் சோதிப்பது. சிலிண்டரில் ஏறக்குறைய 50 பார் அழுத்தம் எஞ்சியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், சிறகில் காற்றே இல்லாமல், இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு அசையாது நிற்க முடிய வேண்டும். தாழ்ந்தால் ஈயம் மிகை, எழும்பினால் குறை. ஓரிடத்துக் கணக்கை வேறிடத்துக்குக் கொண்டு செல்லலாகாது. ஊற்று நீர் நன்னீர். கடல் நீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிகுந்தது. மனிதரும் கருவியுமாக 100 லிட்டர் இடத்தை அடைத்தால், ஊற்றில் சமனாக நிற்பவர் கடலில் 2.5 கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டும். கடலிலிருந்து ஊற்றுக்குச் செல்பவர் அதே அளவைக் கழிக்க வேண்டும்.

ஐந்தாவது, வரிசை. திறந்த கடலில் ஈயக் கச்சை எல்லாவற்றுக்கும்மேல், கடைசியாக அணியப்பட வேண்டும். அதற்கும் கீழே விழும் பாதைக்கும் இடையில் கவட்டு வாரோ கத்தியுறையோ விளக்கோ குறுக்கிடலாகாது. இறங்குமுன் தோழரிடம் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். தோழருடையதையும் கேட்டறிய வேண்டும்.

ஆறாவது, பயிற்சி. ஆழமில்லாத நீரில், தகுந்த ஆசிரியர் உடனிருக்க, காற்றில்லாத சிறகோடு மேலே நீந்திப் பார்க்க வேண்டும். கச்சையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வார்க்கட்டு முழுவதையும் கழற்றி மீண்டும் அணிந்து பார்க்க வேண்டும். என் மாணவர் அந்த விபத்துக்குப் பின், இந்தப் பயிற்சியை ஆண்டுதோறும் செய்கிறார். பக்கிள் விடுபடும், கச்சை விழுமா என்பதை நீரில்தான் அறிய முடியும்.

இதைக் கேட்கும் உங்களில் பலர் இந்தத் தகட்டை முதுகில் பூணாமலே வாழ்ந்துவிடலாம். ஆயினும், வேறொருவருடைய கருவியை, வேறொருவருடைய முறையை, வேறொரு நாட்டின் வழக்கத்தை நீங்கள் ஒருநாள் மேற்கொள்வீர்கள். விடைத்தாளில் பக்கத்துப் பையனுடைய விடையைப் பார்த்து எழுதுபவன், கேள்வித்தாள் வேறு என்பதை அறியாமல் எழுதி அகப்பட்டுக்கொண்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவனுக்குப் போவது மதிப்பெண். 25 மீட்டர் ஆழத்தில் போவது வேறு. ஆகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது, "இது ஏன் இப்படி இருக்கிறது? யாருக்காக, எந்த இடத்தில், இப்படிச் செய்தார்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

புறப்படும்போது என் மாணவர் தகட்டையும் நாடாவையும் சிறகையும் மடித்துப் பையில் வைத்தார். ஈயக் கச்சையை மட்டும் விமானத்தில் கொண்டுவரவில்லை. திண்ணையில் எழுந்து நின்று, காற்றிலேயே அதை அணிந்து காட்டினார். முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு கவட்டு வார், எல்லாவற்றுக்கும் கடைசியில் கச்சை. பிறகு வலது கையால் பக்கிளை விடுவிப்பதுபோல் ஒரே ஓர் அசைவு. "இப்பொழுது விழுந்துவிடும், ஐயா" என்றார். கடைசி வரிசைப் பையனுக்கு அன்று நான் மனத்துக்குள் முழு மதிப்பெண் போட்டேன்.